ரத்த செல்லில் புரதம் ஜீனைக் கட்டுப்படுத்துவதைப் படித்து, பரீட்சையைத் தாண்டி என்ன பயன்?

நீங்கள் பிளஸ் டூ மாணவர் என்று நினைக்கிறேன். 'பரீட்சையைத் தாண்டி' என்று கேட்டதால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை, தண்டையார்பேட்டையில் ஸ்டேஷனரி கடை வைத்திருப்பவன். அக்கா மகளுக்குத் தலசீமியா மேஜர், அதாவது உடலால் ஹீமோகுளோபினைச் சரியாகத் தயாரிக்க முடியாமல், தொடர்ந்து ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் பரம்பரை நோய்.

பிறந்தபோது நன்றாக இருந்த குழந்தை, தவழும் வயதில் வெளுத்துப் போனாள். வயிறு மட்டும் உப்பியது. "கொழுக்கு மொழுக்குனு இருந்த புள்ள, பவுடர் பால் குடுத்துக் கெடுத்துட்டா" என்று அக்காவின் மாமியார் தெரு முழுக்கச் சொன்னார். அக்காவும் அதை நம்பிவிட்டாள்.

நடந்தது வேறு. கருவில் இருக்கும்போது ரத்த செல், ஹீமோகுளோபின் செய்ய காமா குளோபின் என்ற ஜீனைப் பயன்படுத்துகிறது. பிறந்த பிறகு பிசிஎல்11ஏ என்ற புரதம் காமா ஜீனுக்கு முன்னால் உள்ள டிஎன்ஏவில் போய் ஒட்டி அதை அடக்கிவிடும். பீட்டா ஜீன் பொறுப்பேற்கும். ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் மாறிவிடும். இவளுக்கு அந்த பீட்டாதான் பழுது. காமா ஓடியவரை தெரியவில்லை, நின்றதும் தெரிந்துவிட்டது. பாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்திருக்கிறது. ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இதை மாமியாரிடம் சொன்னேன். "அப்போ எங்க பக்கமும் இருக்கா?" என்றார். அதோடு பவுடர் பால் பேச்சு நின்றது.

மாமியாரைத் திட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ரத்தத்துக்கு ஆள் பிடிக்க அலைவதும் அந்த அம்மாதான். ரத்தம் ஏற்ற ஏற்ற உடம்பில் சேர்ந்துவிடும் இரும்பை வெளியேற்றும் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதும் அவரே. டம்ளர் அடியில் சுண்ணாம்பு மாதிரி தங்குவதை இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, அதையும் குடிக்க வைத்துத்தான் விடுவார்.

  

சரி, பயன் கேட்டீர்களே. நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்லை (ரத்த செல்களை உருவாக்கும் தாய் செல்) எடுத்து, பிசிஎல்11ஏ புரதத்துக்கான ஜீனைச் சிவப்பணுவாக வளரும் செல்களில் முடுக்கிவிடும் டிஎன்ஏ துண்டை, அதாவது காட்டா1 என்ற இன்னொரு புரதம் வந்து உட்காரும் இடத்தை, கிரிஸ்பர் என்ற டிஎன்ஏ வெட்டும் கருவியால் வெட்டி, செல்லைத் திரும்ப நோயாளிக்கே ஏற்றுகிறார்கள். அடக்க ஆள் குறைந்ததும் காமா மறுபடி ஓடும். 2023இல் பிரிட்டன் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி தந்தது. அமெரிக்காவில் அப்போது அறிவித்த விலை 22 லட்சம் டாலர். இப்போதைக்கு எங்களுக்கு அந்த மாத்திரையும் ரத்தப் பையும்தான்.