ஊசி போடுவதா, தானாகப் போகட்டும் என்று விடுவதா?

கேள்வி: எங்கள் பூனைக்கு 15 வயது. சிறுநீரகம் செயலிழந்துவிட்டது, டிரிப்ஸ் ஏற்றினாலும் இரண்டே நாளில் மறுபடி சுருண்டுவிடுகிறது. ஊசி போட்டுவிடலாமா என்று கேட்டால், நீங்கள்தான் முடிவு செய்யணும் என்கிறார் டாக்டர். உயிரை எடுக்க நாம் யார், தானாகப் போகட்டும் என்கிறார்கள் வீட்டில். தடவினால் இன்னும் குர்குர் என்கிறதே, நன்றாகத்தானே இருக்கிறது?

பதில்: குர்குர் சத்தத்தை நம்பாதீர்கள். பூனை வலியிலும் பயத்திலும்கூட அப்படிச் செய்யும்.

தானாகப் போகட்டும் என்பவர்கள் தூக்கத்திலேயே உயிர் பிரிவதைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். இந்த நோயில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. கழிவுகள் ரத்தத்தில் தேங்கி, குமட்டல், வாய்ப்புண், சோற்றை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது, சிலவற்றுக்குக் கடைசியில் வலிப்பு என்று நாள்கணக்கில் இழுக்கும். அதனால் டாக்டரிடம், ஊசி போடாமல் விட்டால் கடைசி நாட்கள் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். முடிவு உங்களுடையதுதான், ஆனால் இதை விளக்காமல் முடிவை மட்டும் உங்கள் தலையில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் மதிப்பெண் முறை ஒன்று உண்டு. வலி கட்டுக்குள் இருக்கிறதா, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என ஏழுக்கும் தலா 10 மார்க். மொத்தம் 35-ஐத் தாண்டினால் பராமரிப்பைத் தொடரலாம். வீட்டில் ஆளுக்கு ஒரு தாளில் தனித்தனியாகப் போடுங்கள். வலி கட்டுக்குள் இல்லை என்று அதற்குப் பூஜ்யம் போட்டுவிட்டு, கூட்டினால் 36 வருகிறதே என்று சமாதானம் ஆகிவிடாதீர்கள்!

ஊசி என்று முடிவானால், முதலில் மயக்கம் கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் போடுவது பெரும்பாலும் பென்டோபார்பிட்டால், அதாவது அளவு மீறிய மயக்க மருந்து. நொடிகளில் நினைவு போய், சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண் திறந்தேதான் இருக்கும், அதன்பிறகும் ஓரிரு முறை மூச்சு இழுப்பதுபோல் உடம்பு அசையலாம்; தெரியாமல் பார்த்தால் பதறிப்போவீர்கள். புதைப்பதானால் ஆழமாகப் புதையுங்கள், மருந்து உடம்பிலேயே தங்கியிருப்பதால் தோண்டித் தின்னும் பிராணிக்கும் ஆபத்து.

கேள்வி: வீடு மாறுகிறோம், நாயைக் கூட்டிப்போக முடியாது. ஊசி போட டாக்டர் மறுக்கிறார். மறுக்கலாமா?

பதில்: தாராளமாக. நோயில்லாத நாயைக் கொல்வது வைத்தியமா என்ன? வேறு வீடு தேடுங்கள். அவரிடமே கேளுங்கள், நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் யாராவது அவருக்குத் தெரிந்திருக்கும்.