டெக்சாஸ் கிராமத்துக் கவுண்டியில் வாரண்ட்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது

கேள்வி: டல்லாஸ் பக்கம் இர்விங்கில் இருக்கிறோம். எச்-1பி விசா. 2023 வசந்தத்தில் குழந்தையோடு பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குக் காரில் போனபோது, மேற்கு டெக்சாஸில் ஒரு சின்னக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போல) மாநில ட்ரூப்பர், அதாவது நெடுஞ்சாலைப் போலீஸ்காரர், நிறுத்தினார். 75 மைல் சாலையில் 92. எங்களைத் தாண்டிப் போன வண்டிகளை விட்டுவிட்டு எங்களை மட்டும் பிடித்தார். அவர் பேசிய விதத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. கோர்ட்டுக்கு எழுதி அனுப்பிவிட்டு, 6 மணி நேர டிஃபென்சிவ் டிரைவிங் கோர்ஸை ஆன்லைனில் முடித்தேன். அந்த நேரத்தில் மனைவிக்கு இரண்டாவது பிரசவம், வீடு மாற்றம். சர்டிஃபிகேட்டை அனுப்பினேனா என்பதே நினைவில்லை. இப்போது லைசென்ஸ் புதுப்பிக்கப் போனால் தடை இருக்கிறது, வாரண்டும் இருக்கிறது என்கிறார்கள். எனக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போக வேண்டும், சென்னையில் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை வாங்கும் ஸ்டாம்பிங்கும் உண்டு. ட்ரூப்பர்மேல் புகார் கொடுத்து வழக்கை எதிர்க்க முடியுமா? ஆன்லைனில் மொத்தப் பணத்தையும் கட்டச் சொல்கிறது. கட்டிவிட்டால் முடிந்துவிடுமா?

பதில்: ட்ரூப்பரை விட்டுவிடுங்கள். தாண்டிப் போன வண்டிகளையும் விட்டுவிடுங்கள். போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியில்தான் உங்கள் வழக்கு முழுதும் இருக்கிறது: கோர்ட்டுக்கு எழுதி அனுப்பினேன், கோர்ஸ் முடித்தேன்.

டெக்சாஸில் அந்தக் கோர்ஸுக்கு அனுமதி வாங்க, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்றோ, ‘நோ கான்டெஸ்ட்’, அதாவது மறுத்து வாதாடவில்லை என்றோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். 90 நாளுக்குள் சர்டிஃபிகேட்டும் டிரைவிங் ரெக்கார்டும் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் வழக்கு தள்ளுபடி ஆகியிருக்கும். சேராதபோது விளக்கம் கேட்டு ஒரு நாள் குறிப்பார்கள். அன்றும் நீங்கள் வரவில்லை என்றால், நீங்களே எழுதிக் கொடுத்ததை வைத்துத் தண்டனையைப் பதிவு செய்துவிடலாம். நீங்கள் எதிர்த்து நடத்த நினைக்கும் வழக்கில் பெரும்பாலும் 2023-லேயே தீர்ப்பாகியிருக்கும். கடிதம் பழைய வீட்டுக்குப் போனது உங்கள் துரதிர்ஷ்டம். ஆனால் கோர்ட்டுக்கும், லைசென்ஸ் தரும் மாநிலத் துறையான டி.பி.எஸ்ஸுக்கும் புது முகவரியைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அனுப்பியதாகக் கோப்பில் இருந்தால் அந்த வாதம் நெடுநேரம் நிற்காது.

ஆகவே கோர்ட் கிளார்க்கிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இந்த வழக்கில் ஜட்ஜ்மென்ட் பதிவாகிவிட்டதா?’ என்பதுதான். வாரண்ட் என்று எல்லோரும் ஒரே பேரில் சொன்னாலும் அங்கே இரண்டு வகை உண்டு. ஆஜராகாததற்காகப் போட்ட வாரண்ட் என்றால் வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. மருத்துவமனை டிஸ்சார்ஜ் காகிதத்தையும், கோர்ஸை எந்தத் தேதியில் முடித்தீர்கள் என்பதையும் காட்டி அவகாசம் கேட்கலாம். தக்க காரணம் இருந்தால் கொடுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. ‘கேப்பியஸ் ப்ரோ ஃபைன்’ என்றால் தீர்ப்பு வந்து, அபராதம் கட்டாததற்காகப் பிடிக்கச் சொன்ன உத்தரவு. அப்பீல் செய்யக் கிடைத்த சில நாட்களும் எப்போதோ முடிந்திருக்கும். இனி அங்கே பேச வேண்டியது பணத்தைப் பற்றி மட்டுமே.

எந்தக் கோர்ட் என்பது லைசென்ஸ் தடைக்கான ஆம்னிபேஸ் தளத்திலேயே தெரிந்துவிடும். 254 கவுண்டி உள்ள மாநிலத்தில் எல்லா வாரண்டையும் காட்டும் பொதுப் பட்டியல் கிடையாது. ஒரு கவுண்டிக்குள்ளேயே சின்ன வழக்குகளைக் கேட்கும் ஜே.பி. (ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்) கோர்ட்டுகள் பல இருக்கலாம், டிக்கெட்டில் உள்ள பிரீசிங்ட் எண்ணை, அதாவது கோர்ட்டின் பகுதி எண்ணை, சொல்லுங்கள். கிளார்க்குக்கு ஃபோன் செய்யுங்கள். அடையாள அட்டையோடு ஷெரிஃப் அலுவலகக் கவுன்டருக்கு மட்டும் போய் நிற்காதீர்கள்.

என்னிடம் வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடத்துக்கு இப்போது வருகிறேன்.

முதலாவது, பதறிப்போய் ஆன்லைனில் கட்டுவது. அந்த மொத்தத் தொகைக்குள் இரண்டு வழக்கு எண்கள் ஒளிந்திருக்கலாம். ஒன்று ஸ்பீடிங், இன்னொன்று ஆஜராகத் தவறியதற்கான தனி வழக்கு. தீர்ப்பாகாத வழக்கில் முழுப் பணத்தையும் கட்டுவதே ‘நோ கான்டெஸ்ட்’ சொன்னதற்குச் சமம் என்பது டெக்சாஸ் சட்டம். நீங்கள் கடனை அடைத்ததாக நினைப்பீர்கள், பதிவேட்டிலோ கோர்ட்டுக்கு வராமல் இருந்தவர் என்ற இரண்டாவது தண்டனை ஏறியிருக்கும். தவிர்த்திருக்கக்கூடிய தண்டனை அது. எந்தெந்த வழக்கு எண்ணுக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்காமல் ஒரு டாலரும் கட்டாதீர்கள்.

இரண்டாவது இதைவிட மோசம்: ஒன்றும் செய்யாமல் இருப்பது. இரண்டு வருடம் போனால் தானாக விழுந்துவிடும் என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்த இரண்டு வருடம் வழக்குப் பதிவு செய்வதற்கான கெடு. பதிவான வழக்குக்கும் வாரண்டுக்கும் அது பொருந்தாது. ஒருநாள் பின்விளக்கு எரியவில்லை என்று யாரோ நிறுத்துவார்கள், விலங்கு மாட்டுவார்கள். என் கட்சிக்காரர் ஒருவரை வெள்ளிக்கிழமை இரவு இப்படித்தான் பிடித்தார்கள். இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் நீதிபதி முன் நிறுத்தி, ‘இருந்த நேரமே தண்டனை, ஒப்புக்கொண்டால் இப்போதே போகலாம்’ என்றதும் இரண்டு வழக்கிலும் கையெழுத்துப் போட்டார். வீட்டில் மனைவி தனியாக இருக்கிறார் என்ற தவிப்பில் யாரும் போடுவார்கள், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு டிராஃபிக் டிக்கெட், கைரேகையோடு கூடிய கைதாக மாறிவிட்டது. கைரேகை அழிவதில்லை. கிரீன் கார்டு பயோமெட்ரிக்ஸில் அது வந்து நின்றபோதுதான் அவர் என்னைத் தேடி வந்தார்.

மூன்றாவதுதான் உங்களுக்கு மிக நெருக்கமானது. டி.எஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், நீங்கள் எந்தக் குற்றத்துக்காகவாவது கைது செய்யப்பட்டதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா என்று கேட்கிறது. டெக்சாஸில் ஸ்பீடிங் கிளாஸ் சி மிஸ்டிமீனர், அதாவது மிகச் சிறிய வகை என்றாலும் குற்ற வழக்குதான். ஸ்பீடிங் அபராதத்துக்காக மட்டும் விசா மறுக்கப்பட்டு நான் பார்த்ததில்லை. மறைத்தது தெரிந்து, வேண்டுமென்றே பொய் சொன்னதாக முடிவு கட்டிவிட்டால் அது வேறு கதை. விலக்கு கிடைத்தாலன்றி வாழ்நாள் முழுக்கத் தடை. 2023-க்குப் பிறகு ஏதாவது படிவத்தில் ‘இல்லை’ என்று குறித்திருக்கிறீர்களா? இருந்தால் இந்த வாரமே உங்கள் குடிவரவு வக்கீலிடம் சொல்லுங்கள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள், பெரும்பாலும் ஒருவர் நிரப்பியது இன்னொருவருக்குத் தெரிந்திருக்காது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. உங்கள் வாரண்ட் கடைத் திருட்டு டிக்கெட்டின் பேரில் என்றால் மேலே சொன்ன எதையும் பின்பற்றாதீர்கள். 100 டாலருக்குக் குறைந்த திருட்டும் டெக்சாஸில் ஸ்பீடிங் போலவே கிளாஸ் சி-தான், அதே ஜே.பி. கோர்ட்டுக்கே வரலாம். குடிவரவுச் சட்டத்தில் அது ஒழுக்கக் கேடான குற்றம். ஒப்புக்கொண்டு, ஏதோ கட்டி, பிறகு தள்ளுபடி வாங்கினாலும் குடிவரவுச் சட்டம் அதைத் தண்டனையாகவே எண்ணும். வக்கீல் இல்லாமல் ஒரு தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

உங்கள் வழக்குக்கு என் யோசனை, சமரசம். அந்தக் கவுண்டியிலோ பக்கத்திலோ தொழில் செய்யும் வக்கீலைப் பிடியுங்கள், டல்லாஸ் வக்கீல் வேண்டாம். ஆஜராகத் தவறியதற்கான தனி வழக்கு இருந்தால், ஸ்பீடிங்குக்கு முழு அபராதமும் கட்டுகிறோம், அந்தத் தனி வழக்கைக் கைவிடுங்கள் என்று அரசுத் தரப்பு வக்கீலான கவுண்டி அட்டர்னியிடம் அவர் பேசட்டும். ஸ்பீடிங்குக்கு உச்ச அபராதமே 200 டாலர், கோர்ட் செலவு தனி. ஸ்பீடிங்கை எதிர்த்து 6 மணி நேரம் கார் ஓட்டிப் போய் ஜூரி முன் நிற்பதில் உங்கள் மனம் ஆறலாம், விசாவுக்கு ஒரு பயனும் இல்லை.

2017-இல் வந்த சட்டத்திருத்தம் உங்கள் பக்கம் இருக்கிறது. பிடிபடும் முன் நீங்களாக ஆஜராகி நல்லெண்ணத்தோடு தீர்க்க முன்வந்தால், இரண்டு வகை வாரண்டையும் கோர்ட் திரும்பப் பெற வேண்டும். பிடிபட்டபின் இந்தப் பாதுகாப்பு இல்லை. தூரத்தைச் சொல்லி ஃபோனிலோ வீடியோவிலோ ஆஜராக அனுமதி கேட்கலாம், கொடுப்பது நீதிபதியின் கையில். வாரண்ட் ரத்தான உத்தரவையும், வழக்கு முடிந்ததற்கான சான்றிட்ட நகலையும் கையில் வாங்கிக்கொண்டு பிறகு விமான டிக்கெட் போடுங்கள். ஆம்னிபேஸ் தடைக்கு 10 டாலர் தனிக் கட்டணம் இருக்கலாம், அது நீங்கியதா என்று நீங்களே தளத்தில் பாருங்கள்.

நேரில் போக நேர்ந்தால், லைசென்ஸ் காலாவதியான நிலையில் காரை நீங்கள் ஓட்டாதீர்கள். நண்பர் யாராவது ஓட்டட்டும்.