கோபுரம் இல்லாத விமானத்தளம்

அன்புள்ள அக்கா,

எனக்கு மதுரைப் பக்கம். இப்போது அமெரிக்காவில், ஒஹாயோவில் இருக்கிறேன். போன வருடம்தான் விமானம் ஓட்டும் உரிமம் வாங்கினேன். இங்குள்ள விமானத்தளம் சின்னது, ஒரே ஒரு ரன்வே. கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது.

மூன்று வாரம் முன்பு இறங்கி ஏறிப் பழகிக்கொண்டிருந்தேன். ரன்வேக்கு இணையாகப் போகும் டவுன்விண்டில் இருந்தபோது ஒரு இரட்டை எஞ்சின் விமானம் நேராக இறங்க வருவதாகவும் 5 மைலில் இருப்பதாகவும் ரேடியோவில் சொன்னது. நேரம் இருக்கிறதே என்று, அறிவித்துவிட்டு அடுத்த பக்கமான பேஸுக்குத் திரும்பினேன். உடனே அந்த விமானி எல்லோரும் கேட்கும் அலைவரிசையில் கத்திவிட்டார். முதலில் ஓட்டக் கற்றுக்கொண்டு வா என்றார், இன்னும் சில வார்த்தைகளும் சொன்னார். நான் விலகிப் போய், அவர் இறங்கியபின் இறங்கினேன். பக்கத்து இருக்கையில் என் மனைவி இருந்தாள்.

அதிலிருந்து மைக்கை அழுத்தவே கை வருவதில்லை. சென்ற வாரம் இரண்டு முறை ஒன்றும் சொல்லாமலேயே இறங்கினேன். விதிப்படி யார் சரி? மறுபடி இப்படி நடந்தால் நானும் திருப்பிப் பேசலாமா? விமானிகளுக்குள் மரியாதை என்று ஒன்று உண்டா, அல்லது பாதுகாப்பாக இறங்கினால் போதும் என்பதுதானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

அவர் கத்தியதைவிட என்னைக் கலங்கவைத்தது நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு வரி. இரண்டு முறை ஒன்றும் சொல்லாமல் இறங்கியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை இன்றோடு நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய விமானத்தளங்கள் சுமார் 5,000. அவற்றில் கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ளவை ஏறக்குறைய 500தான். மீதி இடங்களில் ‘நீ இறங்கு, நீ பொறு’ என்று சொல்ல ஆள் கிடையாது. ரன்வேயைச் சுற்றி, பெரும்பாலும் தரையிலிருந்து 1,000 அடி உயரத்தில், ஒரு செவ்வகச் சுற்றுப்பாதை உண்டு, அதைத்தான் வட்டம் என்கிறோம். எல்லாத் திருப்பமும் பொதுவாக இடப்பக்கம். ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் போகும் நீளப் பக்கம் டவுன்விண்ட், அதிலிருந்து திரும்பும் குறுக்குப் பக்கம் பேஸ், கடைசியாக ரன்வேயை நோக்கி வருவது ஃபைனல். ஒவ்வொரு திருப்பத்திலும் விமானி தான் எங்கே இருக்கிறேன், என்ன செய்யப்போகிறேன் என்று பொது அலைவரிசையில் சொல்கிறார். கேட்பவர்கள் அதை வைத்துத் தங்கள் இடத்தைத் தாங்களே அமைத்துக்கொள்கிறார்கள். முழு ஏற்பாடும் இவ்வளவுதான். இத்தனைக்கும் இத்தகைய பெரும்பாலான தளங்களில் ரேடியோ வைத்திருப்பதே கட்டாயமில்லை. 1940களின் பைப்பர் கப் விமானங்களில் மின்சார அமைப்பே கிடையாது, அவை இன்றும் பறக்கின்றன. ஆகவே காது ஒருபக்கம் இருக்க, கண்ணும் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் ரேடியோ உள்ள ஒருவர் பேசாமல் இருப்பது வேறு விஷயம். எல்லோரும் பேசும் இடத்தில் குரல் கேட்கவில்லை என்றால் அங்கே யாரும் இல்லை என்றுதான் மற்றவர் நினைப்பார்.

சரி, யார் சரி என்ற கேள்வி. அமெரிக்க விதி இரண்டு விஷயம் சொல்கிறது. ஃபைனலில் வரும் விமானத்துக்கு முன்னுரிமை; இறங்க வரும் இரண்டில் தாழ்வாக இருப்பதற்கு முன்னுரிமை. அதே மூச்சில், இந்த உரிமையை வைத்துக்கொண்டு இன்னொருவர் முன்னால் குறுக்கே புகக் கூடாது என்றும் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. சட்டப் புத்தகத்துக்குள் ஒரு நல்ல பழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். ஃபைனல் எத்தனை மைலில் தொடங்குகிறது என்று அந்த விதியில் இல்லை. 5 மைலில் இருந்துகொண்டு ‘நான் ஃபைனல், நீ ஒதுங்கு’ என்று ஒருவர் நினைப்பதற்கும், ‘அவர் இன்னும் தொலைவில்’ என்று நீங்கள் நினைப்பதற்கும் விதி இடம் விட்டுவைத்திருக்கிறது. அந்த இடைவெளியை இருவரும் பேசித்தான் நிரப்ப வேண்டியிருந்தது.

உங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மைலைக் கேட்டீர்கள், வேகத்தைக் கேட்கவில்லை. 150 நாட் (மணிக்கு 150 கடல் மைல்) வேகத்தில் வருகிறவருக்கு 5 மைல் என்பது இரண்டே நிமிடம். உங்கள் சிறிய விமானம் பேஸ் திரும்பி, ஃபைனல் வந்து, தரை தொட்டு, ரன்வேயை விட்டு வெளியேற அந்த இரண்டு நிமிடம் போதாது. ‘உங்களைப் பார்க்க முடியவில்லை, டவுன்விண்டை நீட்டிக்கொண்டு உங்களுக்குப் பின்னால் வருகிறேன்’ என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். பழகும் விமானம் வட்டத்தில் இருப்பது தெரிந்தால் வேகத்தைக் குறைப்பதும், வட்டத்தில் இருப்பவரைக் கலைக்காமல் வருவதும் அவர் பொறுப்பு. அதை அவர் செய்யவில்லை, அதற்குப் பதிலாகக் கத்தினார்.

2022 ஆகஸ்ட் 18 அன்று கலிஃபோர்னியாவின் வாட்சன்வில் தளத்தில் நடந்ததும் ஏறக்குறைய உங்களுக்கு நடந்ததுதான். செஸ்னா 152 என்ற ஒரு சின்ன விமானம் வட்டமடித்துப் பழகிக்கொண்டிருந்தது. ஒரு செஸ்னா 340, இரட்டை எஞ்சின், நேராக வந்தது. 10 மைலில் சொன்னார்கள், 3 மைலிலும் சொன்னார்கள். ஆனால் அந்த விமானம் 180 நாட் அளவு வேகத்தில் வந்துகொண்டிருந்தது. சின்ன விமானத்தின் விமானி, பின்னால் வருகிறவர் மிக வேகமாக நெருங்குவதைப் பார்த்து, இறங்காமல் மேலேறிவிடுகிறேன் என்று சொன்னார். அதற்குள் மோதிவிட்டது. சின்னதில் ஒருவர், பெரியதில் இருவர், மூவரும் இறந்தார்கள். பெரிய விமானத்தின் விமானி மற்றதைப் பார்த்து விலகத் தவறியதையும் அவருடைய அதிக வேகத்தையும் விசாரணை காரணமாகச் சொன்னது. இருவருமே அறிவித்துக்கொண்டுதான் வந்தார்கள் என்பது என்னை இன்னும் உறுத்துகிறது. அறிவித்தது சரி, ஆனால் அறிவிப்பைக் கேட்டு யாராவது தன் திட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், அது சீக்கிரமே நடக்க வேண்டும். வாட்சன்வில்லில் அது கடைசி நொடிகளில்தான் நடந்தது.

இன்னொரு விபத்தை நான் வருடத்துக்கு ஒருமுறையாவது நினைத்துக்கொள்வேன். 1996 நவம்பர் 19, இல்லினாய்ஸ் மாநிலத்தின் குவின்சி. அதுவும் கோபுரம் இல்லாத தளம், ஒன்றையொன்று வெட்டும் ரன்வேக்கள். இருட்டத் தொடங்கும் நேரம். 10 பயணிகள், 2 விமானிகளோடு ஒரு பீச் 1900 விமானம் ரன்வே 13-இல் இறங்க வருகிறது. குறுக்கு ரன்வேயான 4-இன் முனையில் ஒரு கிங் ஏர் விமானம் நிற்கிறது. அதற்குப் பின்னால் செரோக்கி என்ற சின்ன விமானம். இறங்க வரும் விமானத்தின் கேப்டன் தன் இடத்தைத் திரும்பத் திரும்ப அறிவித்தார். அதோடு, 4-இல் நிற்கும் விமானம் அங்கேயே நிற்கப்போகிறதா, கிளம்பப்போகிறதா என்று நேரடியாகக் கேட்டார். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்.

பதில் வந்தது. ஆனால் பேசியது பின்னால் நின்ற செரோக்கி விமானி, அதிக அனுபவம் இல்லாதவர். தன் விமானத்தின் எண்ணைச் சொல்லி, தான் 4-இல் புறப்படக் காத்திருப்பதாகச் சொன்னார். அதே நொடியில் பீச் விமானத்துக்குள் தரை நெருங்குவதைச் சொல்லும் தானியங்கிக் குரல் ஒலித்தது. பேச்சின் ஒரு பகுதி அதில் அமுங்கிப்போனது. கிங் ஏர்தான் பதில் சொல்கிறது, நமக்காக நிற்கிறது என்று எடுத்துக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டு அவர்கள் இறங்கினார்கள். கிங் ஏரிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அது ஓடத் தொடங்கியது. இரண்டும் சந்திப்பில் மோதின. ஓடிவந்து உதவ முயன்றவர்களால் பீச் விமானத்தின் கதவைத் திறக்க முடியவில்லை, தளத்தில் தீயணைப்பு வசதியும் இல்லை. 14 பேரும் இறந்தார்கள். அலைவரிசையைச் சரியாகக் கவனிக்காததும் சுற்றிலும் பார்க்காததும் கிங் ஏர் விமானிகளின் தவறு என்றது விசாரணை. பாதியில் அமுங்கிய அந்தப் பதிலையும் ஒரு காரணமாகச் சேர்த்தது.

செரோக்கி விமானி உதவத்தான் நினைத்திருப்பார் என்று நம்புகிறேன். அதனால்தான் இந்தச் சம்பவம் என்னை விடுவதில்லை. கேள்வி யாரிடம் கேட்கப்பட்டதோ அவர் மௌனமாக இருந்தார். அந்த மௌனம் அவ்வளவு பேரைக் கொண்டுபோய்விட்டது. இப்போது சொல்லுங்கள், உங்கள் மௌனத்தைப் பற்றி நான் ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று புரிகிறதா?

அலைவரிசையில் ஒருவரைத் திட்டுவதை மரியாதைக் குறைவு என்று மட்டும் நான் பார்ப்பதில்லை. அவர் கத்திய அந்தப் பத்து நொடி வேறு யாராலும் பேசியிருக்க முடியாது. இருவர் ஒரே நேரத்தில் மைக்கை அழுத்தினால் மற்றவர்களுக்குக் கீச்சென்ற ஒலிதான் கேட்கும். அதைவிடப் பெரிய கேடு, புதிதாகப் பறக்கும் ஒருவரின் வாயை அவர் மூன்று வாரம் அடைத்துவிட்டார். இனி நீங்கள் சொல்லாமல் திரும்பும் ஒவ்வொரு பேஸும் அவருக்கும் ஆபத்து. திருப்பிப் பேசலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நீங்கள் சரியாகவே இருந்தாலும் வேண்டாம், அதே அலைவரிசையைத்தான் நீங்களும் அடைப்பீர்கள்.

நான் உரிமம் வாங்கிய மூன்றாவது மாதம், ஒரு சிறிய தளத்தில் ரன்வே 30-க்கான டவுன்விண்டில் பறந்துகொண்டு, 12-க்கான டவுன்விண்ட் என்று அறிவித்தேன். ரன்வேயின் எண் என்பது அதில் இறங்கும் திசையின் பாகை, கடைசி எண் இல்லாமல். 30-க்கு எதிர்த்திசையில் போகும் டவுன்விண்டில் திசைகாட்டி 120 காட்டும், அதைப் பார்த்து அப்படியே சொல்லிவிட்டேன். கேட்பவருக்கு நான் நேர் எதிர்முனையில் இறங்கப்போவதாகத்தான் அர்த்தம். ஒரு பெரியவர் வட்டத்தில் இருந்தார். டவுன்விண்டில் இருப்பவர் எந்த முனையில் இறங்குகிறார் என்று மட்டும், தபால் விலாசம் கேட்பதுபோல, நிதானமாகக் கேட்டார். எனக்கு உடனே உறைத்தது, திருத்திச் சொன்னேன். இறங்கியபின் அவர் நடந்து வந்து, என் விமானத்தின் இறக்கைக் கயிற்றைக் கட்ட உதவினார். கட்டிக்கொண்டே, தானும் இதே தவறைச் செய்ததுண்டு, அதனால் ரன்வே எண்ணைக் காலில் கட்டியிருக்கும் அட்டையில் பெரிதாக எழுதிவைப்பதுண்டு என்றார். அன்றிலிருந்து நானும் எழுதிவைக்கிறேன். அவர் அன்று அலைவரிசையில் என்னை வறுத்தெடுத்திருந்தால் நான் பறப்பதை விட்டிருக்கலாம். அதைவிட மோசமாக, உங்களைப்போல வாயை மூடிக்கொண்டு பறந்திருக்கலாம்.

ஆனால் அளவுக்கு மீறிய பெருந்தன்மையும் வானத்தில் ஆபத்துதான். நம் ஊரில் குறுகிய பாலத்துக்கு எதிரே வரும் லாரி ஹெட்லைட்டைச் சிமிட்டினால் ‘நான் வருகிறேன், நில்’ என்று அர்த்தம். இங்கே அதே சிமிட்டலுக்கு ‘நீங்கள் போங்கள்’ என்று அர்த்தம். இரண்டு ஊர்ப் பழக்கமும் உள்ள நான் முதல் வருடம் சாலையில் திணறிப்போனேன். சாலையில் பிரேக் உண்டு, நின்று யோசிக்கலாம். விமானத்தில் நிற்க முடியாது. நீங்கள் முதலில், இல்லை நீங்கள் முதலில் என்று இருவரும் ஒரே பக்கம் விலகினால் என்ன ஆவது? அதனால் விட்டுக்கொடுப்பதானால் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘நீங்கள் போங்கள்’ என்பதோடு நிறுத்தாமல் ‘நான் டவுன்விண்டை நீட்டுகிறேன், நீங்கள் முதலில்’ என்று சொல்லுங்கள்.

‘அந்தப் பகுதியில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்லுங்கள்’ என்று கேட்டுக்கொண்டே வரும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. பணிவாகத்தான் ஒலிக்கும். கேட்டதும் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒன்றும் விளங்காது. அதைச் சொல்லவே கூடாது என்று அமெரிக்க விமானத் துறை தன் வழிகாட்டுதலில் எழுதியிருக்கிறது. 10 மைலுக்கு முன்பே அலைவரிசையைத் திருப்பி வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தாலே வட்டத்தில் யார் யார் என்று தெரிந்துவிடும்.

தரையிலும் இதே கவனம் வேண்டும். எஞ்சினைக் கிளப்புமுன் உங்கள் வாலுக்குப் பின்னால் திறந்த ஹேங்கர் (விமானக் கொட்டகை) இருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் காற்று அங்கே யாரோ துடைத்துக்கொண்டிருக்கும் விமானத்தின்மேல் மண்ணை வாரி இறைக்கும். பெட்ரோல் போட்டதும் பம்பை விட்டு நகர்ந்துவிடுங்கள். பல சின்னத் தளங்களில் ஒரு பழைய கார் சாவியோடு இருக்கும், யார் வந்தாலும் ஊருக்குள் போய்ச் சாப்பிட்டு வரலாம். திரும்பும்போது பெட்ரோல் நிரப்பி விட வேண்டும், கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். இரவில் ரன்வே விளக்கை மைக்கை அழுத்தியே ஏற்றுகிறோம் இல்லையா, 5 நொடிக்குள் 7 தடவை என்றால் முழு வெளிச்சம், 3 தடவை என்றால் மங்கல். கண் கூசுகிறதென்று ரன்வேக்குப் போகும் பாதையான டாக்சிவேயில் நின்றபடி நீங்கள் மங்கலாக்கினால், ஃபைனலில் வருகிறவருக்கும் அதே விளக்கு மங்கும். முதலில் ஒருமுறை கேட்டுவிட்டு அழுத்துங்கள்.

இனி அந்த மனிதர். அவர் உங்கள் தளத்துக்காரராக இருந்தால் அடுத்த சனிக்கிழமை அவருடைய ஹேங்கருக்கே போங்கள். ‘அன்று பேஸ் திரும்பியது நான்தான். உங்கள் வேகத்தைக் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் நேராக வரும்போது எவ்வளவு தூரத்தில் எவ்வளவு வேகம் வைத்திருப்பீர்கள்?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் குரல் இறங்கிவிடும். பயந்த மனிதன்தான் பெரும்பாலும் கத்துகிறான், அவரும் அன்று உங்களைத் தாமதமாகப் பார்த்துப் பதறியிருக்கலாம். மறுபடியும் சீறினால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், உங்களைப் பயிற்றுவித்தவரிடம் சொல்லுங்கள். வயதில் மூத்த ஒருவர் தனியாகப் போய்ப் பேசினால் அடங்குகிறவர்கள் உண்டு.

அதற்கு முன், இந்த வாரமே யாராவது அனுபவமுள்ளவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பத்து முறை வட்டமடியுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அறிவியுங்கள். பேஸில் இருக்கும்போது வலப்பக்கம், நீண்ட ஃபைனலில் யாராவது வருகிறார்களா என்று பாருங்கள். உங்கள் விமானம் செஸ்னாவாக இருந்தால் திரும்புமுன் இறக்கையைச் சற்றுத் தூக்கியும் பாருங்கள், மேலே இருக்கும் இறக்கை திருப்பத்தில் இறங்கி எதையும் மறைத்துவிடும். உங்கள் மனைவியையும் அடுத்த வாரம் அழைத்துப் போங்கள், மற்ற விமானங்களைத் தேடிச் சொல்லும் வேலையை அவரிடம் கொடுங்கள். அறிவிப்பின் தொடக்கத்தில் சொல்லும் தளத்தின் பெயரை முடிவிலும் ஒருமுறை சொல்லுங்கள். பக்கத்து ஊர்த் தளங்களும் அதே அலைவரிசையில்தான் இருக்கும்.

அன்புடன்,
அக்கா