தெருவோரம் யாருக்குச் சொந்தம்? நிறுத்துமிடம், கடை, அக்கம்பக்கம்: கேள்வி பதில்

தெருக்களில் வண்டிகளை எண்ணுவதும் நிறுத்துமிடங்களைத் திட்டமிடுவதும் இருபது ஆண்டுகளாக என் வேலை. அது சம்பந்தமாக வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வாடகை ஒப்பந்தம், வழக்கு, காப்பீடு எல்லாம் என் துறை இல்லை.

கேள்வி: எங்கள் தெருவில் கடைகள் பெருகிவிட்டன. மாலையில் குடியிருப்பவர்களுக்கே வண்டி நிறுத்த இடமில்லை. கூடுதல் நிறுத்துமிடம் கேட்டு மனு கொடுக்கப் போகிறோம். அதில் என்ன எழுதலாம்?

மனுவை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். முதலில் எண்ணுங்கள்.

ஒரு நோட்டும் இரண்டு பேரும் போதும். வண்டி நிற்கக்கூடிய இடங்களுக்கு வரிசையாக எண் கொடுங்கள். காலை முதல் இரவு வரை அரை மணிக்கு ஒருமுறை தெருவை நடந்து வந்து, ஒவ்வோர் இடத்திலும் நிற்கும் வண்டியின் கடைசி நான்கு எண்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வேலை நாள், ஒரு விடுமுறை நாள் என்று இரண்டு நாள் செய்யுங்கள். எத்தனை வண்டி வந்தது என்பதைவிட, எந்த வண்டி எவ்வளவு நேரம் நகராமல் நின்றது என்பதே உங்களுக்கு வேண்டிய விவரம்.

ஒரு கடைத்தெருவில் இப்படி எண்ணியபோது, நோட்டில் ஒரே எண் காலை முதல் கட்டத்திலிருந்து மாலை கடைசிக் கட்டம் வரை வரிசையாக விழுந்தது. வண்டியின் முன்கண்ணாடியில் மரத்திலிருந்து உதிர்ந்த இலைகள் சேர்ந்துகொண்டே இருந்தன. வண்டிக்குச் சொந்தக்காரர் யாரென்று விசாரித்தேன். "வாடிக்கையாளர் நிறுத்த இடமே இல்லை சார்" என்று என்னிடம் முறையிட்ட அதே கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. விடிந்ததும் வந்து கடை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுகிறார். தன் வண்டி இடத்தை அடைத்து நிற்பது அவர் கண்ணில் படவே இல்லை.

கணக்கைப் பாருங்கள். கடை வாசலில் ஒரு வண்டி 10 மணி நேரம் நின்றால் அந்த இடத்தால் பயன் ஒருவருக்கு. அரை மணிக்கு ஒருவர் மாறினால் 20 பேருக்கு. பெரும்பாலான தெருக்களில் இடம் குறைவாக இருப்பதில்லை, இருக்கும் இடம் கைமாறுவதில்லை. ஏழு இடத்துக்கு ஒன்றாவது எந்நேரமும் காலியாக இருந்தால் வருபவர் அலைய வேண்டியிருக்காது. இடங்களில் 85 சதவீதம் நிரம்பி, மீதி காலியாக இருப்பதே சரி என்று நிறுத்துமிட ஆய்வாளர் டொனால்ட் ஷூப் சொன்ன கணக்கும் இதுதான். நெரிசலான நகர மையங்களில் 1927 முதல் 2001 வரை நடந்த ஆய்வுகளை அவர் தொகுத்தார். ஓடும் வண்டிகளில் சராசரியாக 30 சதவீதம் இடம் தேடிச் சுற்றுபவை, தேட ஆகும் நேரம் சுமார் 8 நிமிடம் என்று வந்தது. இடத்தேடல் அதிகமுள்ள பகுதிகளில் எடுத்த கணக்கு இது, உங்கள் தெருவுக்கு அப்படியே பொருந்தாது. அதனால்தான் நீங்களே எண்ண வேண்டும் என்கிறேன்.

கேள்வி: என் வீட்டு வாசலில் யார் யாரோ வண்டியை விடுகிறார்கள். கல், தொட்டி வைத்து இடம் பிடிக்கலாமா?

கூடாது. பொதுத்தெரு என்றால் உங்கள் மதிலை ஒட்டிய பகுதியும் பொதுவானதுதான். இருட்டில் அந்தக் கல்லில் இடறி விழுபவர் உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவராக இருக்கலாம். உங்கள் வண்டி வெளியே வரும் கேட்டை ஒருவர் மறித்தால் அது வேறு விஷயம், தயங்காமல் புகார் கொடுங்கள்.

ஜப்பானின் வழி எனக்குப் பிடிக்கும். 1962-இல் வந்த சட்டப்படி, கார் வாங்குபவர் அதை நிறுத்த இடம் இருப்பதை முதலில் காட்ட வேண்டும். இப்போதைய விதியில் அந்த இடம் 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தெரு ஓரத்தைக் காட்டி அந்தச் சான்று வாங்க முடியாது.

கேள்வி: கடைக்குச் சரக்கு லாரி விடியற்காலையில் வந்து தூக்கத்தைக் கெடுக்கிறது.

கடைக்காரரிடம் நேரில் போய் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். சரக்கு இறக்க ஓர் இடம் குறித்துக் கொடுத்தால் பாதிச் சத்தம் குறையும். லாரி நடுத்தெருவில் நின்று, பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிப்பதுதான் பெரிய சத்தம்.

கேள்வி: கடைகளுக்கு முன்னால் நிறுத்தக்கூடாது என்று பலகை வைக்கப் போகிறார்கள். நடைபாதையை அகலமாக்குவார்களாம். கடை வைத்திருப்பவன் நான். வண்டி நிற்காவிட்டால் வியாபாரம் படுத்துவிடும். நடைபாதை வேண்டும் என்பவர்கள் எங்கள் வயிற்றை நினைத்துப் பார்க்கிறார்களா?

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. கோபன்ஹேகனில் ஸ்ட்ராயெட் என்ற கடைத்தெருவை 1962-இல் நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியபோது அங்கிருந்த கடைக்காரர்களும் இதையே சொன்னார்கள். சோதனையாகத் தொடங்கியதை 1964-இல் நிரந்தரமாக்கினார்கள். இன்றும் அது அந்த நகரத்தின் பெரிய கடைவீதி.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் கடைக்காரர்களிடம், "உங்கள் வாடிக்கையாளரில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள்?" என்று கேட்டார்கள். 58 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். வாடிக்கையாளர்களைக் கேட்டால் 32 சதவீதம்தான். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மதிப்பீடு 41, உண்மை 22. காரில் வருபவர் இடமில்லை என்று உங்களிடம் குறை சொல்லிவிட்டுப் போகிறார், அது மனதில் நிற்கிறது. நடந்து வருபவர் வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுகிறார்.

அதே கடைக்காரர்: காரில் வருபவர்தான் மூட்டையாக வாங்குகிறார். நடந்து வருபவர் ஒரு பையோடு போய்விடுவார். தலையை எண்ணினால் போதுமா, பணத்தை எண்ண வேண்டாமா?

நல்ல கேள்வி. அமெரிக்காவின் போர்ட்லேண்டில் இதைத்தான் ஆராய்ந்தார்கள். உணவகம், சிறு கடை போன்ற இடங்களில் காரில் வராதவர் ஒரு தடவைக்குச் செலவழிப்பது குறைவு, ஆனால் அடிக்கடி வருவதால் மாதக் கணக்கில் அவர் செலவு கூடிவிடுகிறது. பெரிய பல்பொருள் அங்காடியில் மட்டும் காரில் வருபவர்தான் அதிகம் செலவழித்தார். நீங்கள் கட்டில், பீரோ விற்பவர் என்றால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அப்போது கேட்க வேண்டியது வாசலில் ஏற்றி இறக்கப் பத்து நிமிட இடம். நாள் முழுக்க நிறுத்தும் இடம் அதற்குத் தேவையில்லை.

இன்னொருவர்: கடைக்காரர்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது. நடைபாதையிலேயே சாமானை அடுக்குகிறார்கள், நாங்கள் ரோட்டில் இறங்கி நடக்கிறோம்.

நடைபாதையை அடைப்பது தவறு, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கடைக்காரரை எதிரியாக்காதீர்கள். இரவு பத்து மணிக்கு நீங்கள் பயமில்லாமல் தெருவில் நடப்பது அங்கே விளக்கு எரியும் ஒரு கடை இருப்பதால். நகர வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இலேயே இதைச் சொன்னார்: தெருவைக் காப்பது அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள். சாவியைக் கொடுத்து வைக்க, பிள்ளை பள்ளியிலிருந்து வந்துவிட்டானா என்று கேட்க ஒரு கடை வேண்டும்.

முழங்கால் வலிக்காரர் ஒருவர்: நீங்கள் எல்லாரும் நடப்பவர், ஓட்டுபவர் என்றே பேசுகிறீர்கள். என்னால் நூறு அடி நடக்க முடியாது. எனக்கு எங்கே இடம்?

நீங்கள் கேட்டது சரி. முதல் பதிலிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். எந்தத் திட்டம் வந்தாலும் கடை வாசலுக்கு மிக அருகில் உள்ள இடம் நடக்க முடியாதவருக்கு என்று முதலில் குறிக்கப்பட வேண்டும், மற்ற இடங்களைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். வண்டியிலிருந்து இறங்கும் இடத்தில் நடைபாதை விளிம்பைச் சரிவாக்கவும் வேண்டும். அது இல்லாவிட்டால் பக்கத்து இடம் கிடைத்தும் பயனில்லை. மனு எழுதுபவர்கள் இவர் பேச்சை அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்கு முன்னால் உள்ள இடம் எனக்குத்தானே?

இல்லை. மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: தெருமுனையில் கொஞ்சம் இடம் காலியாகவே கிடக்கிறது. அங்கே இரண்டு கார் விடலாம் அல்லவா?

விடவே விடாதீர்கள். அது காலியாக இருக்க வேண்டிய இடம். முனையில் கார் நின்றால், சாலையைக் கடக்கும் சிறுவனை ஓட்டுநர் பார்ப்பதற்குள் அவன் நடுச்சாலைக்கு வந்திருப்பான். நிறுத்திய காருக்குப் பின்னால் ஒரு சின்னப் பிள்ளை நிற்பது ஓட்டுநருக்குத் தெரியாமல் போகலாம். ஜெர்மனியில் சந்திப்பிலிருந்து 5 மீட்டருக்குள் நிறுத்தத் தடை. அமெரிக்காவின் ஹோபோக்கன் நகரம் முனைகளைக் காலியாக்கியது, வேக வரம்பையும் குறைத்தது. 2017 ஜனவரிக்குப் பிறகு ஏழு ஆண்டுகள் அங்கே சாலை விபத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. வேறு எந்த இடத்துக்கு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள், முனையை மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: முன்பெல்லாம் எதிர்வீட்டுக்காரரோடு பேசுவோம். இப்போது பெயர்கூடத் தெரியவில்லை. ஆட்கள் மாறிவிட்டார்களா?

தெருவும் மாறியிருக்கும். டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஆராய்ந்தார். ஒன்றில் நாளுக்குச் சுமார் 2,000 வண்டி, அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்கள். நடுத்தரத்தில் 1.3. நெரிசல் தெருவில் 0.9. எது உங்கள் வீட்டு எல்லை என்று கேட்டு வரையச் சொன்னபோது, அமைதியான தெருவில் இருந்தவர்கள் தெரு முழுவதையும் தங்களுடையதாக வரைந்தார்கள். நெரிசல் தெருக்காரர்கள் தங்கள் கட்டடத்தோடு நின்றுவிட்டார்கள்.

இந்த ஆய்வைப் படித்த நாளிலிருந்து என் வேலையைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. வண்டியை எங்கே நிறுத்துவது என்று திட்டமிடும்போது யார் யாரோடு பேசுவார்கள் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறோம். இடம் கேட்டு மனு கொடுக்கும் அதே கையோடு, குறுக்கு வழியாகப் புகுந்து ஓடும் வண்டிகளைத் தடுக்கவும் கேளுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் தெருவில் விளையாடினால் பக்கத்து வீட்டார் திட்டுகிறார்கள்.

நெதர்லாந்தில் 1976-இலேயே சில குடியிருப்புத் தெருக்களுக்குச் சட்டம் செய்தார்கள்: வண்டி நடைவேகத்தில் போக வேண்டும், பிள்ளைகள் தெருவிலேயே விளையாடலாம். உங்கள் தெருவில் வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் மூடிப் பார்க்க அனுமதி கேளுங்கள். திட்டுபவரையும் கூப்பிட்டு ஒரு நாற்காலி போடுங்கள்.

கேள்வி: நான் 15 வருடமாக ஒரே இடத்தில் நிறுத்துகிறேன். இப்போது புதிதாக ஒருவர்...

அந்த இடம் உங்களுடையது அல்ல, அவருடையதும் அல்ல. இது மூன்றாவது முறை. தயவுசெய்து மேலே உள்ளதைப் படியுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் என் காரைக் கீறிவிட்டார். நஷ்ட ஈடு வாங்க முடியுமா?

வழக்கறிஞரைக் கேளுங்கள்.

பலகையைப் பற்றிக் கேட்ட கடைக்காரர் மறுபடியும்: உங்கள் பேச்சு மனதில் உறுத்தியது. கல்லாவில் உட்கார்ந்தபடியே இரண்டு மணி நேரம் எண்ணினேன். 31 பேர் வந்தார்கள். காரில் வந்தவர்கள் 9 பேர். வாசலில் இருக்கும் மூன்று இடத்தில் ஒன்றில் என் வண்டி, இன்னொன்றில் என் பையன் வண்டி. இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மாலைக் கூட்டம் வேறு மாதிரி இருக்கும்.

எண்ணியதற்கு நன்றி ஐயா, மனம் நிறைந்தது. மாலைக் கூட்டம் வேறாகத்தான் இருக்கும், ஆகவே 5 முதல் 8 வரையும் எண்ணுங்கள். ஒவ்வொருவரும் எவ்வளவுக்கு வாங்கினார் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள், நீங்கள் கேட்ட பணக் கணக்கும் வந்துவிடும். நாளைக்கு உங்கள் வண்டியையும் பையன் வண்டியையும் பின்தெருவில் விட்டுவிட்டு அதே நேரத்தில் மறுபடி எண்ணிப் பாருங்கள். இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு பலகை வைக்க வருபவர்களிடம் போங்கள். ஏற்றி இறக்க ஓர் இடம், நடக்க முடியாதவருக்கு ஓர் இடம், மீதி ஒன்று அரை மணி நேரத்துக்கு மட்டும் என்று கேளுங்கள். பின்தெருவில் விடும்போது முனையில் விடாதீர்கள்.