தட்டும் முள்ளும்: வாசகர் கேள்வி பதில்

பீட்டில்ஸ், பிங்க் ஃபிளாய்ட் தாண்டி ராக் இசையில் ஒன்றும் கேட்டதில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது சார்?
– கல்லூரி மாணவர், பெரம்பூர்

தம்பி, பாடகர் பெயரை விடுங்கள், கம்பெனி பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள். புரசைவாக்கத்தில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்த காலத்தில், எல்.பி. கைக்கு வந்ததும் நடுவிலுள்ள லேபிளைத்தான் முதலில் படிப்பேன். சின்ன கம்பெனி என்றால் அங்கே யாரோ ஒருவருடைய காது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

மெம்ஃபிஸில் சன் ரெக்கார்ட்ஸ் நடத்திய சாம் ஃபிலிப்ஸ் அப்படி ஒரு காதுக்காரர். 1954-இல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டை வெளியிட்டவர், அடுத்த வருடமே அவருடைய ஒப்பந்தத்தை 35,000 டாலருக்கு ஆர்.சி.ஏ. என்ற பெரிய கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். ஏமாளி என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தட்டு அச்சடிக்கும் கூலியை முன்னாலேயே கட்ட வேண்டும். கடைகளிலிருந்து பணம் மாதக்கணக்கில் இழுத்தடித்துத்தான் வரும். பாட்டு ஹிட்டானால் ஆர்டர் குவியும், கல்லாவில் காசு இருக்காது. ஹிட்டே சின்ன கம்பெனியை மூழ்கடித்துவிடும். அந்த ரொக்கம் வந்த கையோடு கார்ல் பெர்கின்ஸின் ‘புளூ ஸ்வேட் ஷூஸ்’ சன்னிலிருந்து வந்தது. அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

‘இண்டி’ என்பது தனி இசை வகையா?
– ஆசிரியை, நங்கநல்லூர்

‘இண்டிபென்டென்ட்’, அதாவது பெரிய கம்பெனியைச் சாராதது என்பதன் சுருக்கம். முதலில் அது பணம் யாருடையது என்பதைப் பற்றிய பேச்சு. 1977 ஜனவரியில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 500 பவுண்டு கடன் வாங்கி, ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்று நாலு பாட்டுத் தட்டைத் தாங்களே அச்சடித்தது. முதலில் ஆயிரம் பிரதிதான். அதைப் பார்த்துப் பலருக்குத் துணிச்சல் வந்தது. லண்டனில் தட்டு விற்றுக்கொண்டிருந்த ரஃப் டிரேட் கடையும் 1978-இல் சொந்தமாக வெளியிட ஆரம்பித்தது. கிடாரின் ஒரு தொனிக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதெல்லாம் பிற்பாடு.

என் மகன் பாண்டி பஜாரில் ஒரு கறுப்பு டி-ஷர்ட் வாங்கியிருக்கிறான். நெஞ்சில் கெட்டுப்போன ஈ.சி.ஜி. மாதிரி வெள்ளைக் கோடுகள். என்ன அது?
– ஒரு தாய், அம்பத்தூர்

பயப்படாதீர்கள் அம்மா, வானத்துச் சமாச்சாரம். 1967-இல் வானியலாளர் ஜோசலின் பெல் கண்டுபிடித்த முதல் பல்சரின் (சுழன்றுகொண்டே விட்டுவிட்டு ரேடியோ அலை அனுப்பும் நட்சத்திரம்) துடிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்த படம். ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் இருந்ததை ஜாய் டிவிஷன் என்ற ராக் குழுவினர் எடுத்துக் கொடுக்க, வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் அதை 1979-இல் ‘அன்னோன் பிளெஷர்ஸ்’ ஆல்பத்துக்கு அட்டையாக்கினார். முன்பக்கத்தில் குழுவின் பெயரும் கிடையாது, ஆல்பத்தின் பெயரும் கிடையாது. நம் ஊர்க் கேசட் அட்டையில் தயாரிப்பாளர் வரை எல்லோரும் இடித்துக்கொண்டு நிற்பார்கள்!

வெளியிட்டது ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ். டி.வி.யில் வேலை பார்த்த டோனி வில்சனும் நண்பர்களும் 1978-இல் மான்செஸ்டரில் தொடங்கியது. இசையெல்லாம் கலைஞர்களுக்கே, எங்களுக்கு எதுவும் சொந்தமில்லை என்று எழுதியே கொடுத்தார்கள். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! கடன் கழுத்தை நெரித்தபோது, விலைக்கு வாங்க லண்டன் ரெக்கார்ட்ஸ் வந்தது. வாங்க அங்கே என்ன இருந்தது? 1992-இல் திவால்.

மகன் அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டாவது சொல்கிறானா, கேளுங்கள். முழித்தால் ‘ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்’ போட்டுக் காட்டுங்கள்.

சிக்கனமாக எடுத்த நல்ல ஆல்பம்?
– வாசகர், மந்தைவெளி

நிர்வாணா குழுவின் ‘பிளீச்’, 1989, சியாட்டிலின் சப் பாப் வெளியீடு. 600 டாலரில் பதிவானது என்று அட்டையிலேயே போட்டிருக்கும். பணம் கொடுத்தவர் ஜேசன் எவர்மன். ஒரு பாட்டிலும் வாசிக்காமலேயே கிடார் கலைஞர் என்று அட்டையில் இடம் பிடித்தார். எனக்குப் பிடித்தது ‘அபௌட் எ கேர்ள்’.

நம் சென்னையில் இப்படிச் சின்ன கம்பெனிகள் உண்டா?
– வாசகி, தாம்பரம்

ஏன் இல்லை? ஏ.வி.எம். ஸ்டூடியோவுக்கு முன்பே மெய்யப்பச் செட்டியார் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று இசைத்தட்டு வியாபாரம் நடத்தினார். பிற்பாடு இளையராஜா பாடல்களோடு எக்கோ கம்பெனி வந்தது. ராக் குழுக்களுக்கு ஐ.ஐ.டி.யின் சாரங் விழா, அடையாறு அன்வைண்ட் சென்டர் என்று மேடைகள் கிடைத்தன. உங்கள் பரணில் எக்கோ எல்.பி. கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.