தம்பியும் விண்ணப்பிக்கட்டும்

வணக்கம் அம்மா. ஸ்பீச் தெரபியில் முதுகலை படிக்கும் உங்கள் மகள் இந்த ஆண்டு லெண்ட் (LEND) பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாமா, அதனால் படிப்பு கெடுமா என்று கேட்டிருந்தீர்கள். கடைசியில், "பையனுக்கு இருபது வயசு, ஆட்டிசம், வீட்டில்தான் இருக்கான்" என்று ஒரு வரி. அந்த வரிதான் என் மனதில் நின்றது.

முதலில் மகளுக்கு. தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், செரிப்ரல் பால்சி போன்ற மூளை வளர்ச்சி சார்ந்த குறைபாடுகளில் தலைமைப் பொறுப்பு ஏற்கக்கூடியவர்களை உருவாக்குவதுதான் லெண்டின் வேலை. அமெரிக்காவில் சுமார் 60 இடங்களில், பல்கலைக்கழகங்களையும் குழந்தைகள் மருத்துவமனைகளையும் சார்ந்து, மத்திய அரசின் நிதியில் நடக்கிறது. நீண்ட காலப் பயிற்சி என்றால் குறைந்தது 300 மணி நேரம். ஒரு கல்வியாண்டில் பிரித்தால் வாரத்துக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் வரும். மருத்துவம், உளவியல், சமூகப்பணி, ஊட்டச்சத்து என்று பல துறைக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு குழந்தையைப் பற்றிப் பேசுவார்கள். இந்த அனுபவம் வகுப்பறையில் கிடைக்காது. ஆனால் இது பட்டமோ தொழில் உரிமமோ அல்ல. கிளினிக்கல் பயிற்சி மணிகளோடு மோதுமா என்று துறைத் தலைவரிடம் இப்போதே கேட்டுவிடச் சொல்லுங்கள். அரசு நிதியில் உதவித்தொகை பெற அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர்களைத் தொகை இல்லாமல் சேர்த்துக்கொள்ளும் இடங்களும் உண்டு.

சரி, இப்போது தம்பி விஷயம்.

லெண்டில் 'குடும்பம்' என்று ஒரு துறை இருக்கிறது, தெரியுமா? குறைபாடுள்ள பிள்ளையின் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் அந்தத் துறையில் பயிற்சி பெறலாம். அதேபோல், குறைபாட்டோடு வாழ்ந்து தனக்காகத் தானே பேசுபவர்களுக்கும் பல இடங்களில் தனி இடம் உண்டு. மருத்துவ மாணவர் பக்கத்தில், அவருக்குச் சமமாக. இவர்களிடம் பட்டம் கேட்காத மையங்களும் இருக்கின்றன. ஆகவே இதில் உங்கள் வீட்டிலிருந்து மூன்று பேருக்கு வழி இருக்கிறது. நீங்கள் ஒருவருக்குத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

ஒருமுறை ஓர் இளைஞருக்கு நேர்முகத் தேர்வுக்கான ஒத்திகை நடத்தினேன். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவருடைய அம்மாதான் பதில் சொன்னார், பாசத்தில்தான். நான்காவது கேள்வியின்போது பையன் டேப்லெட்டில் மெதுவாகத் தட்டித் திருப்பிக் காட்டினார்: "கேள்விகளை முந்தின நாளே அனுப்ப முடியுமா? யோசிக்க நேரம் வேண்டும்." தனக்கு என்ன வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகக் கேட்கிறாரே, இந்தப் பயிற்சி தேடுவது இதைத்தானே! கேள்விகளை முன்கூட்டியே தரும்படி கேட்பது சலுகை அல்ல, உரிமை. உங்கள் மகனும் கேட்கலாம்.

அதனால் விண்ணப்பக் கட்டுரையை நீங்கள் எழுதாதீர்கள். அவர் சொல்லச் சொல்ல அக்கா தட்டச்சு செய்யலாம், குரல் பதிவாகத் தரலாமா என்று கேட்கலாம். வாக்கியம் கோணலாக இருந்தாலும் அவருடையதாக இருக்கட்டும்.

லெண்ட் பெரிதாகத் தோன்றினால், 'பார்ட்னர்ஸ் இன் பாலிசிமேக்கிங்' என்ற பயிற்சி இருக்கிறது. 1987-ல் மின்னசோட்டாவில் தொடங்கி, பல மாநிலங்களுக்குப் பரவியது. பெரும்பாலும் வார இறுதிகளில் நடக்கும். சட்டம் எப்படி உருவாகிறது, சட்டமன்ற உறுப்பினரிடம் எப்படிப் பேசுவது என்றெல்லாம் சொல்லித்தருவார்கள். அதில் பெற்றோர் என்றால் பொதுவாகச் சிறு குழந்தைகளின் பெற்றோரைத்தான் சேர்ப்பார்கள். வயது வந்தவர் என்ற முறையில் அங்கும் உங்கள் மகனுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. குறைபாடுள்ளவர்களுக்கு அரசு மாதாமாதம் தரும் எஸ்.எஸ்.ஐ. (SSI) பணத்தைத் தம்பி வாங்குகிறார் என்றால், உதவித்தொகை வருமானமாகக் கணக்கிடப்பட்டு மாதப் பணம் குறையலாம். சேமிப்பு 2,000 டாலரைத் தாண்டினாலும் சிக்கல். இப்படிப் பணம் வாங்கிக்கொண்டே வேலைக்குப் போக முயல்பவர்களுக்கு விபா (WIPA) என்ற இலவச ஆலோசனை சேவை இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அவர்களிடம் பேசிவிடுங்கள். பயந்துகொண்டு விண்ணப்பிக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இலையுதிர் காலத்தில் தொடங்கும் பயிற்சிக்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும். அதனால் இந்த வாரமே உங்கள் மாநிலத்து மையத்துக்கு இரண்டு மின்னஞ்சல்கள் போகட்டும், ஒன்று மகளிடமிருந்து, ஒன்று மகனிடமிருந்து. மகனுடைய அஞ்சலில் நகல் பெற உங்கள் முகவரியைச் சேர்க்கலாமா என்று அவரையே கேளுங்கள்.