கென்யாவும் ஜாம்பியாவும்: நிகர மூலதனக் கணக்கு பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: சார், உலக வங்கியின் நிகர மூலதனக் கணக்குப் புள்ளிவிவரத்தில் கென்யாவையும் ஜாம்பியாவையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தேன். 2006-ஐ ஒட்டி ஜாம்பியாவின் கோடு மலைபோல் எழுந்து இறங்குகிறது. கென்யாவின் கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது. ஜாம்பியாவுக்கு அவ்வளவு முதலீடா வந்தது?

பதில்: முதலீடு இல்லை, கடன் தள்ளுபடி. ஒரு நாட்டுக்கும் வெளிநாடுகளுக்கும் இடையிலான வரவு செலவில், கடன் தள்ளுபடி, கட்டடம், சாலை போன்றவற்றுக்கான மானியம், ஒப்பந்த உரிமை போன்றவற்றின் விற்பனை ஆகியவற்றைப் பதியும் பகுதிதான் மூலதனக் கணக்கு. வரவில் செலவைக் கழித்தால் கிடைப்பது நிகரம். கடன் சுமை மிகுந்த ஏழை நாடுகளுக்கான திட்டத்தில் ஜாம்பியா 2005 ஏப்ரலில் நிறைவுக் கட்டத்தை, அதாவது தள்ளுபடி முழுமையாக உறுதியாகும் நிலையை, எட்டியது. அந்த ஜூலையில் ஸ்காட்லாந்தின் கிளெனீகிள்ஸில் கூடிய ஜி8 நாடுகள் மேலும் பெரிய தள்ளுபடிக்கு ஒப்புக்கொண்டன. ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்), உலக வங்கி, ஆப்பிரிக்க வளர்ச்சி நிதியம் மூன்றும் பழைய கடன்களை ரத்து செய்தன. சுமார் 700 கோடி டாலராக இருந்த அரசின் வெளிக்கடன் 100 கோடிக்கும் கீழே இறங்கியது.

இதைப் பதிவு செய்யும் விதம்தான் முக்கியம். தள்ளுபடித் தொகை மூலதனக் கணக்கில் வரவாக ஏறும். அதற்கு எதிர்ப்பதிவாக, கடனையும் முதலீட்டையும் பதியும் நிதிக் கணக்கில் கடன் பொறுப்பு அதே அளவு குறையும். ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவுக்கு ஒரு டாலர்கூடப் போய்ச் சேரவில்லை, அந்நியச் செலாவணிக் கையிருப்பும் அதனால் கூடவில்லை. பலன் வேறு வழியில் வந்தது. தவணைக்குப் போக இருந்த பணம் மிச்சமானது. 2006 ஏப்ரலில் கிராமப்புற சுகாதார நிலையங்களில் நோயாளிகளிடம் வாங்கிவந்த கட்டணத்தை ஜாம்பியா அரசு ரத்து செய்தது. அந்தக் கோட்டைப் பார்க்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

கேள்வி: கென்யாவும் ஏழை நாடுதானே, அதற்கு ஏன் கிடைக்கவில்லை?

பதில்: அதன் கடன் சமாளிக்கக்கூடியது என்று கணித்துவிட்டார்கள். 2004-இல் பாரிஸ் கிளப் (கடன் கொடுத்த அரசுகளின் கூட்டமைப்பு) தவணைகளைத் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான். தவணையைத் தள்ளிவைப்பது மூலதனக் கணக்கில் வராது. கடனை ரத்து செய்தால்தான் வரும். ஒழுங்காகக் கட்டிவந்த நாட்டுக்கு இது அநியாயம் என்று அப்போதே பேச்சு இருந்தது, அதில் நியாயமும் உண்டு.

கேள்வி: மொம்பாசா–நைரோபி ரயில் பாதைக்குச் சீனா கொடுத்த பணம் எங்கே போயிற்று? வெளிநாட்டில் இருக்கும் கென்யர்கள் அனுப்பும் பணம்?

பதில்: 2017-இல் ஓடத் தொடங்கிய அந்த ரயிலுக்குப் பெரும்பங்கு சீன அரசின் எக்ஸிம் (ஏற்றுமதி-இறக்குமதி) வங்கியின் கடன். கடன் என்றால் நிதிக் கணக்கு. 2014-இல் கென்யா வெளியிட்ட 200 கோடி டாலர் யூரோ பத்திரமும் (வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் கடன் வாங்கும் பத்திரம்) அங்கேதான். குடும்பங்களுக்கு வரும் பணம், ஏற்றுமதி இறக்குமதி போன்ற அன்றாட வரவு செலவைப் பதியும் நடப்புக் கணக்கு. அதே ரயிலை யாராவது நன்கொடையாகக் கட்டிக் கொடுத்திருந்தால் மூலதனக் கணக்கில் ஏறியிருக்கும்.

நம் பாடப்புத்தகங்களும் ரிசர்வ் வங்கியும் அந்நிய முதலீட்டையும் மூலதனக் கணக்கில் சேர்த்தே பேசுகின்றன. ஐ.எம்.எஃப். 1993-இலேயே அதை நிதிக் கணக்கு என்று தனியாகப் பிரித்துவிட்டது. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: கால்பந்து வீரர்களை விற்கும் தொகைகூட இதில் வரும் என்கிறார்களே, உண்மையா அண்ணா?

பதில்: உண்மைதான். ஆனால் கிளப் எந்த நாட்டில் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். ஜாம்பியாவின் ரேச்சல் குண்டனஞ்ஜியை 2024-இல் அமெரிக்காவின் பே எஃப்.சி. பெண்கள் கால்பந்தில் அதுவரை இல்லாத தொகைக்கு வாங்கியது. விற்றது மாட்ரிட் கிளப். அதனால் வரவு ஸ்பெயினுக்கு, ஜாம்பியாவுக்கு இல்லை.

கேள்வி: 2023-இல் ஜாம்பியாவுக்கு மறுபடி கடன் நிவாரணம் கிடைத்ததே, கோடு மறுபடி எழுமா?

பதில்: 2006 மாதிரி எழாது. 2020 நவம்பரில் பத்திர வட்டியைக் கட்ட முடியாமல் போன பிறகு, 2023 ஜூனில் கடன் கொடுத்த அரசுகள் சுமார் 630 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டது தவணை நீட்டிப்பு. 2043 வரை கட்டலாம். அசல் அப்படியே நிற்கிறது.

கேள்வி: எம்.ஏ. ஆய்வுக்கு இந்த இரண்டு நாடுகளை எடுக்கலாமா?

பதில்: தாராளமாக எடுங்கள். டாலர் தொகையை அப்படியே ஒப்பிடாதீர்கள். கென்யாவின் பொருளாதாரம் ஜாம்பியாவைப்போல் மூன்று மடங்குக்கு மேல். ஜி.டி.பி.யில் எத்தனை சதவீதம் என்று மாற்றுங்கள். தள்ளுபடி நடந்த ஆண்டுகளைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, மிச்ச ஆண்டுகளுக்குச் சராசரி பாருங்கள். அப்போதுதான் பள்ளி, சாலை, மருத்துவமனைக்கென ஆண்டுதோறும் வரும் திட்ட மானியங்கள் கண்ணில் படும்.